தலைக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் தெர்மாகோல்

ஸ்கீ ஹெல்மெட் ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே ஒட்டியிருக்கும் துணி மெத்தையைக் கழற்றிப் பாருங்கள். டி.வி. வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும் அதே தெர்மாகோல்தான். அடர்த்தி கொஞ்சம் கூடுதல். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. இதற்கா பதினைந்தாயிரம் ரூபாய் என்று வாங்கும்போது வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் இந்தத் தெர்மாகோல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று புரிந்துவிட்டால், பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் ஹெல்மெட் போட வேண்டுமா என்பதற்கும், அதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிடும்.

காஷ்மீரின் குல்மார்க் சரிவுகளில் இரண்டு ஹெல்மெட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்று, அங்கே ஸ்கீ, பூட்ஸோடு சேர்த்து வாடகைக்கு எடுத்த பழையது. இன்னொன்று நானே வாங்கிய புதியது. தலை சுழலும்போது மூளையைக் காக்கும் 'மிப்ஸ்' அடுக்கு, திறந்து மூடும் காற்றுத் துளைகள், பின்பக்கம் திருகி இறுக்கும் சக்கரம் எல்லாம் உண்டு. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த விலையில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் வேறு வேறு நிறத்தில் விற்கிறார்கள்.

முதலில் உள்ளே ஒட்டியிருக்கும் சிறிய சீட்டைப் படிக்க வேண்டும். ஐரோப்பியத் தரமான 'இ.என். 1077' அல்லது அமெரிக்கத் தரமான 'ஏ.எஸ்.டி.எம். எஃப் 2040', இரண்டில் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் தொப்பி. ஐரோப்பியத் தரத்தில் 'ஏ', 'பி' என்று இரண்டு வகுப்புகள். 'ஏ' வகுப்பில் காது வரை கடினமான ஓடு இறங்கும், கூர்மையான பொருள் குத்துவதற்கான சோதனையும் கடுமையாக இருக்கும். 'பி'யில் காதுப் பக்கம் மெத்தைத் துணிதான். கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 'பி'. என்னுடையதும் அப்படியே. வாடகை ஹெல்மெட்டில் சீட்டே தேய்ந்து போயிருந்தது. அதற்குச் சான்று இருந்ததோ இல்லையோ, செய்தவருக்குத்தான் தெரியும்.

அந்தத் தரச் சோதனையில் என்னதான் செய்கிறார்கள்? உலோகத்தால் ஆன தலை உருவத்துக்கு ஹெல்மெட்டை மாட்டி, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புப் பலகை மேல் போடுகிறார்கள். உள்ளே இருக்கும் கருவி காட்டும் அதிர்வு, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்கத் தரத்தில் உயரம் இரண்டு மீட்டர், வரம்பு 300 மடங்கு. பள்ளிக்கூடக் கணக்குதான்: ஒன்றரை மீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். இரண்டு மீட்டரிலிருந்து என்றால் 22 அல்லது 23. இந்த வேகத்துக்குத்தான் ஹெல்மெட்டுக்குச் சான்று கொடுக்கிறார்கள். சுமாராக ஓட்டத் தெரிந்த ஒருவர் நல்ல அகலமான சரிவில் 40 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தொடுவார். வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. அந்த வேகத்தில் நேராகப் போய் தேவதாரு மரத்தில் தலை மோதினால், இரண்டு சென்டிமீட்டர் தெர்மாகோல் நசுங்கி முடிந்த பிறகும் கொடுக்க வேண்டிய கடன் பாக்கி இருக்கும்.

அப்படியானால் எதற்கு ஹெல்மெட் என்று கேட்கலாம். சரிவில் எத்தனை வேகமாகப் போனாலும், விழும்போது தலை பனியை நோக்கி இறங்கும் வேகம் வேறு கணக்கு. நின்ற உயரத்திலிருந்து தலை கீழே வருவதுதான் அங்கே முக்கியம். அந்த உயரம் ஏறக்குறைய சோதனைக்கூடத்து உயரமே. மிச்ச வேகமெல்லாம் சறுக்கிக்கொண்டே போய்க் கரைந்துவிடும். ஆக, இந்தக் கருவி மோதலுக்காகச் செய்யப்பட்டதல்ல, விழுவதற்காகச் செய்யப்பட்டது. பனிச்சறுக்கில் பெரும்பாலானவர்கள் பெரும்பாலான நேரம் செய்வதும் அதைத்தான்.

இது கண்ணெதிரே தெரிந்தது உடன் வந்த தோழி ஸ்னோபோர்டு பழகியபோது. ஸ்கீயில் இரண்டு கால்களும் தனித்தனி. தடுமாறினால் பெரும்பாலும் பக்கவாட்டில் சாய்வோம். ஸ்னோபோர்டில் இரண்டு பாதங்களும் ஒரே பலகையில் பூட்டியிருக்கும். சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் விளிம்பு பனியில் சிக்கிவிட்டால், யாரோ காலை வாரியது மாதிரி உடம்பு முழுசாகக் கவிழும். குதிகால் பக்கம் சிக்கினால் முதுகு ஒரு பக்கம், பின்மண்டை ஒரு பக்கம் என்று தரையில் அறையும். கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது. ஜப்பானிய மருத்துவர்கள் இந்த விழுகையைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள், மிதமான சரிவு, பின்மண்டையில் அடி, உள்ளே ரத்தக் கசிவு என்று ஒரே மாதிரிக் கதை திரும்பத் திரும்ப வருகிறது. காலை வெயிலில் இளகி, மதியத்துக்குமேல் மறுபடி உறைந்த பனி சிமென்ட் தரைக்குச் சமம். தோழி அப்படி விழுந்து எழுந்து, ஹெல்மெட்டைத் தட்டிவிட்டு, மறுபடியும் பலகையில் ஏறினார். ஸ்னோபோர்டு பழகப் போகிறவர் யாராவது ஹெல்மெட் வேண்டுமா என்று என்னிடம் கேட்டால், அவரோடு விவாதமே கிடையாது.

2009 மார்ச்சில் கனடாவின் மோன் ட்ரம்ப்ளான் என்ற இடத்தில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் விழுந்ததும் இப்படித்தான். புதியவர்களுக்கான சரிவு, பயிற்சி வகுப்பு, தலையில் ஹெல்மெட் இல்லை. எழுந்து சிரித்துப் பேசினார், மருத்துவ உதவி வேண்டாம் என்றார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே கசிந்த ரத்தம் இரண்டே நாளில் உயிரை எடுத்துவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 டிசம்பர் 29 அன்று, பிரான்ஸின் மெரிபெலில் கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் ஹெல்மெட்டோடு விழுந்தார். குறிக்கப்பட்ட பாதைகளுக்கு நடுவே, பனி மூடிய பாறையில் இடறி, இன்னொரு பாறையில் தலை மோதியது. ஹெல்மெட் உடைந்தது. அது இல்லாதிருந்தால் அவர் மருத்துவமனைக்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார் என்றார்கள் சிகிச்சை அளித்த மருத்துவர்கள். ஹெல்மெட் வேண்டும் என்கிறவர்கள் முதல் சம்பவத்தையும், அதனால் பயனில்லை என்கிறவர்கள் இரண்டாவதையும் காட்டுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: பனி என்றால் ஒரு கணக்கு, பாறை என்றால் வேறு கணக்கு.

எண்களும் இதற்கு ஒத்துப்போகின்றன. நார்வேயின் எட்டு பனிச்சறுக்கு மையங்களில், 2002 குளிர்காலத்தில் காயம்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு, 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தலைக்காய அபாயம் 60 சதவீதம் குறைவு என்றது அது. கியூபெக்கில் நடந்த ஆய்வில் குறைவு 29 சதவீதம்தான். எதை எடுத்தாலும் லாபமே. ஆனால் அமெரிக்காவில் 2002-03இல் நான்கில் ஒருவர் அணிந்த ஹெல்மெட்டைப் பத்து ஆண்டுகளில் பத்தில் ஏழு பேர் அணியத் தொடங்கினார்கள். சரிவுகளில் நடக்கும் மரணங்களோ அதற்கேற்பக் குறையவில்லை. அதிவேகம், மரம், மார்பிலும் கழுத்திலும் சேர்த்து விழும் அடி. அங்கே ஹெல்மெட் ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும்.

இனி, போட்டுப் பார்த்த அனுபவம். என் ஹெல்மெட் சமையலறைத் தராசில் 440 கிராம். வாடகை ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தாலே கனம் தெரிந்தது. மதியத்துக்குள் கழுத்து நினைவூட்டவும் செய்தது. பொருத்தம்தான் பெரிய வித்தியாசம். புருவத்துக்குச் சற்று மேலே நாடாவை ஓட்டித் தலையின் சுற்றளவை அளந்து, அந்த எண்ணுக்கு வாங்க வேண்டும். தாடைப் பட்டையை மாட்டாமல் தலையை வேகமாக ஆட்டினாலும் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். வாடகை ஹெல்மெட் என் தலையில் கோயில் மணி மாதிரி ஆடியது. கடைக்காரப் பையன், "உள்ளே கம்பளித் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்று யோசனை சொன்னான். அதைச் செய்யவே செய்யாதீர்கள். தொப்பி மேல் வழுக்கும் ஹெல்மெட், அடி விழும் நேரத்தில் வேறெங்கோ இருக்கும். காது மெத்தை உள்ள ஹெல்மெட்டுக்குள் குளிரே எடுக்காது என்பது இன்னொரு விஷயம். என்னுடையதில், கோண்டோலா கேபிள் காரின் இரண்டாம் கட்டம் ஏறி அஃபர்வத் மலை முகட்டில், 3,900 மீட்டருக்கு மேல், கத்தியாக வீசும் காற்றில் நின்றபோதும் தலை கதகதப்பாக இருந்தது. மூக்குதான் மரத்துப்போனது.

நீளமான கூந்தல் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொண்டையோடு எந்த ஹெல்மெட்டும் சரியாக உட்காராது. கழுத்தோரம் தாழப் பின்னிய ஒற்றைச் சடை மட்டுமே வழி. ஹேர்கிளிப், ஹேர்பின் எதுவும் தலையில் இருக்கக் கூடாது. விழுந்தால் முதலில் குத்துவது அவைதான்.

ஸ்கீ கண்ணாடியும் ஹெல்மெட்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். நடுவே இடைவெளி விட்டால் நெற்றி விறைக்கும். கண்ணாடியை ஹெல்மெட் மூக்கின் மேல் அழுத்தினால் மூச்சுக்காற்று மேலே போக வழியில்லாமல் மங்கிவிடும். எனவே கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய்த்தான் ஹெல்மெட் வாங்க வேண்டும். காற்றுத் துளைகளைத் திறந்து மூடும் பொத்தான், தடித்த கையுறையோடு அகப்படவே இல்லை. என் ஹெல்மெட்டில் எனக்குப் பிடிக்காத ஒரே அம்சம் இது. அதற்கு நேர்மாறாக, தாடைப் பட்டையின் காந்தக் கொக்கி அற்புதம். இரண்டு முனைகளையும் அருகே கொண்டுவந்தால் தானாகவே 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. வாடகை ஹெல்மெட்டின் பிளாஸ்டிக் கொக்கிக்கு ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது. சலித்துப்போய் பட்டையை மாட்டாமலே இறங்குகிறவர்களை அங்கே நிறையப் பார்த்தேன். நம் ஊரில் பெட்ரோல் டேங்க் மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு பைக் ஓட்டும் கூட்டத்துக்கு அவர்கள் ஒன்றும் இளைத்தவர்கள் அல்ல.

மிப்ஸ் பற்றி. ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், மூளை அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட்டும் ஆய்வாளர் பீட்டர் ஹால்டினும் உருவாக்கிய யோசனை அது. அடி பெரும்பாலும் சாய்வாகத்தான் விழுகிறது. அப்போது தலை சட்டென்று சுழல்கிறது. அந்தச் சுழற்சியில்தான் மூளைத் திசு இழுபட்டுக் கிழிகிறது. அதனால் ஹெல்மெட்டுக்குள் வழுக்கும் மெல்லிய அடுக்கு ஒன்றை வைத்து, அடிபடும் கணத்தில் ஓடு தலையைவிட்டு 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை விலகிச் சுழல விடுகிறார்கள். மேலே சொன்ன தரச் சோதனைகள் நேரடி அடியை மட்டுமே அளக்கின்றன, சுழற்சியை அல்ல. யோசனையின் இயற்பியல் சரி. சோதனைக்கூடங்களிலும் பலன் தெரிகிறது. ஆனால் சரிவுகளில் விழுந்த மனிதர்களிடமிருந்து கிடைக்கும் ஆதாரம் அந்த அளவுக்கு வலுவானதல்ல. கூடுதலாக இரண்டாயிரம், மூவாயிரம் என்றால் வாங்கலாம். அதற்காகப் பொருந்தாத ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஹெல்மெட்டுக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில், 'காது கேட்காது' என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. பின்னால் வரும் ஸ்கீயின் 'சர்ர்' சத்தம் எனக்கு மங்கலாகத்தான் கேட்டது. காது மெத்தையைக் கழற்றினால் கேட்கும், குளிரும். 'கழுத்து முறியும்' என்பது குழந்தைகளிடம்கூட ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தும் நிரூபணமாகாத பயம். 'போட்டால் தைரியம் வந்து வேகமாகப் போவார்கள்' என்பதற்கும் ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் இதை நான் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். புத்தம்புது ஹெல்மெட்டோடு மரங்களுக்கு நடுவே புகுந்த இளைஞர்களை அங்கே பார்த்திருக்கிறேன். 86 உலகக் கோப்பைப் பந்தயங்களை வென்ற ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க், அவற்றில் பலவற்றைக் கம்பளித் தொப்பியோடுதான் ஓட்டினார் என்று பெருமை பேசுகிறவர்களும் உண்டு. அவர் ஸ்டென்மார்க்!

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணம் 2012இலேயே எல்லா வயதினருக்கும் கட்டாயமாக்கியது. இத்தாலி 2005இல் 14 வயதுக்கு உட்பட்டவர்களில் தொடங்கி, 2022இல் 18 வயது வரை நீட்டித்து, 2025 நவம்பரிலிருந்து எல்லாருக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் சட்டம் இல்லை. ஆனாலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தாங்களாகவே அணிகிறார்கள். குல்மார்க் வாடகைக் கடையில் நான் கேட்ட பிறகுதான் ஹெல்மெட்டை எடுத்துத் தந்தார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் தீர்ப்பு இது. வாழ்நாளில் ஒருமுறை குல்மார்க்கோ உத்தராகண்டின் ஔலியோ போகிறவர்கள் வாடகைக்கே எடுக்கலாம். ஆனால் தரச் சீட்டு இருக்கிறதா, தெர்மாகோலில் விரிசலோ பள்ளமோ தெரிகிறதா என்று மெத்தையை விலக்கிப் பார்த்து, தலையில் ஆடாத ஒன்று கிடைக்கும் வரை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு குளிர்காலமும் போகிறவர்கள் சொந்தமாக வாங்குங்கள். தரச் சீட்டும் பொருத்தமும் இருந்தால் மலிவானதே போதும். விலை ஏற ஏறக் கிடைப்பது எடைக் குறைவும் வசதியும்தான். பைக் ஹெல்மெட்டைக் கொண்டுபோகாதீர்கள்: கனம், முகக் கண்ணாடியில் ஆவி படியும், காது சுத்தமாக அடைத்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், குப்பைக்குத்தான். நசுங்கிய தெர்மாகோல் மறுபடி எழாது.

அடிபட்டவருக்குத் தலைவலி, வாந்தி, குழப்பம் எது வந்தாலும், ஹெல்மெட் போட்டிருந்தாரா இல்லையா என்று பார்க்காமல் உடனே கீழே இறக்குங்கள். குல்மார்க்கிலிருந்து ஸ்ரீநகருக்கு 50 கிலோமீட்டர்; பனி பெய்யும் நாளில் சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டித்தான் வண்டி போகும்.