பழைய நம்பர் ஒன்: அசல் என்பது பற்றிச் சில குறிப்புகள்

நான் வேலை பார்க்கும் வங்கியில் கிழிந்த நோட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டென்றால், மிஞ்சிய பெரிய துண்டு முழுப் பரப்பில் 80 சதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 40 முதல் 80 வரை என்றால் பாதி. அதற்கும் கீழே ஒன்றுமில்லை. ஒரு பொருள் எவ்வளவு மிஞ்சினால் அது அதுவாகவே இருக்கும் என்ற கேள்வி, கௌண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தத்துவப் பிரச்னை அல்ல. ஸ்கேல் வைத்து அளந்துவிடக் கூடிய விவகாரம். லண்டன் உயர் நீதிமன்றத்தில் 1990-ல் நீதிபதி ஆட்டன் ஒரு பழைய பந்தயக் காரைப் பற்றி அளித்த தீர்ப்பை அறிய நேர்ந்ததிலிருந்து அந்த நிம்மதி போய்விட்டது.

எனக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. கார் சமாசாரம் இந்தப் பக்கங்களில் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை நம்மைவிட அந்த நீதிபதி பொறுப்போடு கையாண்டிருக்கிறார்.

கார், பென்ட்லி ஸ்பீட் ஸிக்ஸ். ஆறு சிலிண்டர், ஆறரை லிட்டர் எஞ்சின். ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர். 1929-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கம்பெனியின் தலைவர் வுல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்க்கினும் இதை ஓட்டி ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் பர்னாட்டோவும் க்ளென் கிட்ஸ்டனும் மறுபடி ஜெயித்தார்கள். 1931-ல் ப்ரூக்லண்ட்ஸ் 500 மைல் பந்தயம் ஜாக் டன்ஃபீக்கும் ஸிரில் பாலுக்கும். 1932-ல் அதே பந்தயத்துக்கு எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்திக்கொண்டு போனார்கள். ஜாக்கின் சகோதரர் க்ளைவ் டன்ஃபீ ஓட்டிக்கொண்டிருந்தபோது, சாய்வான கான்கிரீட் பாதையின் மேல் விளிம்பைத் தாண்டிக் கார் வெளியே போய் விழுந்தது. க்ளைவ் இறந்துபோனார். சிதைந்த காரை மீட்டு, பர்னாட்டோவுக்காக மூடிய கூபேயாகக் கட்டினார்கள். பின்னாளில் அந்த மேல்கூட்டையும் கழற்றிவிட்டு, லெ மான் காலத்துத் திறந்த கூட்டைப் போலவே ஒன்றைச் செய்து மாட்டினார்கள். இப்படி வந்த காரைச் சுமார் ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கினார்கள். விற்றவர் கோர்ட்டுக்குப் போனார்.

நீதிபதி காரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார் என்றே சொல்ல வேண்டும். 1930-ல் ஓடிய காரில் இன்று மிஞ்சியிருப்பவை என்று அவர் ஒப்புக்கொண்டவை மூன்று: பெடல் தண்டு, கியர்பாக்ஸின் வெளியுறை, ஸ்டியரிங் தண்டு. சேஸிஸ் சட்டம், முன் அச்சு, பின் பிரேக்குகள் எல்லாம் 1932 வரையிலான மாறுதல்களில் ஏதோ ஒரு கட்டத்தைச் சேர்ந்தவை. எங்கள் கௌண்டராக இருந்தால் கிழித்துக் குப்பையில் போட்டிருப்போம். அவர் சொன்ன முடிவு வேறு. இது ‘ஒரிஜினல்’ அல்ல, அப்படிச் சொல்லி விற்கவும் கூடாது. ஆனால் இதுதான் மெய்யான ஓல்டு நம்பர் ஒன். காரணம், எந்த நாளிலும் இந்தக் கார் மறைந்துபோய்த் திரும்பி வரவில்லை. பந்தயக் கார் என்பதால் மாறிக்கொண்டே இருந்தது. மாறிக்கொண்டே இருந்த அதுவாகவே இருந்தது. அந்தப் பெயருக்கு உரிமை கோரக்கூடிய வேறொரு கார் உலகத்தில் இல்லை.

தமிழில் இரண்டுக்கும் ‘அசல்’ என்றே சொல்லித் தொலைக்கிறோம். வங்கியில் அசல் என்றால் கொடுத்த முதல், வட்டி சேராதது. அந்த அர்த்தத்தில் இந்தக் காரில் அசல் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. கணக்கு மட்டும் முடியவில்லை.

அசலைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்களை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பொருந்துகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் விலைக்காகப் பார்க்கிறவர்கள்தான். மற்றப் பாதி அப்படியல்ல. சுரண்டப்படாத பெயின்ட் ஒரு சாட்சியம். ஒரு தகரத்தை எந்தக் கை எப்படி வளைத்தது என்பது அந்தத் தகரத்தில் மட்டுமே எழுதியிருக்கிறது. நகல் எடுத்து வைக்கக்கூடிய எழுத்தல்ல அது. மெருகேற்றிப் பளபளவென்று ஆக்குகிறவன் அழுக்கோடு சேர்த்து அதையும் துடைத்துவிடுகிறான். ஆனால் லெ மானுக்குப் போன அந்தக் கார்களின் மேல்கூடு மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. துணி மக்கும். ஓட்டினால் எல்லாம் தேயும். அசலாகவே வைத்திருப்பது என்றால் ஓட்டாமல் வைத்திருப்பது. 24 மணி நேரம் ஓடுவதற்காகவே கட்டப்பட்ட ஒன்றை!

இதே பென்ட்லியில் இன்னொரு வேடிக்கை. பர்க்கினுக்கு வேகம் போதவில்லை. நாலரை லிட்டர் காரின் முன்னால் சூப்பர்சார்ஜர் வைத்துக் கட்ட ஏற்பாடு செய்தார். அந்த எஞ்சினை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. தன் படைப்பைக் கெடுக்கிற காரியம் என்றே நினைத்தார். பந்தய விதிக்காக 50 கார்கள் கட்ட வேண்டியிருந்தது, கட்டினார்கள். ‘ப்ளோயர்’ ஒரு தடவைகூட லெ மானில் ஜெயிக்கவில்லை. படைப்பாளி சொன்னது சரியாய்ப் போயிற்று. ஆனால் 2019-ல் கம்பெனி, பழைய காரை அச்சு அசலாகப் புதிதாய்ச் செய்வது என்று தீர்மானித்தபோது முதலில் எடுத்துக்கொண்டது எதை? பர்க்கினின் ப்ளோயரைத்தான். அவருடைய பந்தயக் கார் ஒன்றைக் கழற்றி, லேஸரால் அளந்து, 12 கார்கள். படைப்பாளி வேண்டாம் என்ற மாறுதல் இன்று திருகாணி விடாமல் காப்பாற்றப்பட வேண்டிய அசலாகிவிட்டது. பிறகு ஸ்பீட் ஸிக்ஸும் 1930-ன் பந்தய அமைப்பில் 12. ஓல்டு நம்பர் ஒன்னைவிட அந்த 12-ம் 1930-ன் காரைப் போல இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. கள்ள நோட்டு என்று சொல்ல மாட்டேன். புதியவை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் அவற்றில் யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் சாகவில்லை.

தீர்ப்போடு எனக்கு ஒரே ஒரு இடத்தில் மனத்தாங்கல். அவர் எல்லா மாறுதல்களையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகப் பார்க்கிறார். எட்டு லிட்டர் எஞ்சின் வைத்தது மாறுதல்; அடுத்த பந்தயத்துக்காக. கூபே ஆக்கினதும் மாறுதல். பந்தயம் முடிந்துவிட்டது, இனி ரோடில் போக வேண்டும். இரண்டும் நாளைப் பார்த்துச் செய்தவை, செய்ததை மறைக்காதவை. கடைசியாகக் கூபேயைக் கழற்றிவிட்டு லெ மான் கூட்டை மாட்டியது அப்படியல்ல. அது 1932 நடக்கவே இல்லை என்று சொல்கிறது. டன்ஃபீ செத்த காரின் மேல், அவர் சாவதற்கு முந்திய முகத்தை ஒட்டுகிறது. இதற்குத்தான் ‘ஒரிஜினலுக்குத் திருப்புதல்’ என்று பெயர், இதற்குத்தான் கைதட்டல். காரின் ஆயுளில் நடந்த மாறுதல்களில் எனக்குப் பொய்யாகத் தோன்றுவது இந்த ஒன்றுதான். நான் நீதிபதியாக இருந்தால் – நல்ல வேளை இல்லை – கூபேயாகவே இருந்திருந்தால் என்ன விலை என்று கேட்டிருப்பேன்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கவி நண்பரின் மொத்தத் தொகுப்பு வந்தது. பழைய கவிதைகளில் வரிகளை மாற்றியிருந்தார், சிலவற்றில் பாதிக்கு மேல். எழுதியபோது இருந்தபடியே விட்டிருக்க வேண்டும், வாசகனுக்குச் சொந்தமானதைத் தொட இவர் யார் என்று கடுமையாக எழுதினேன். நண்பர் அதற்குப் பிறகு என் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. போன வாரம் தொகுப்பை மறுபடி எடுத்துப் பழைய பிரதிகளோடு ஒப்பிட்டுப் படித்தேன். திருத்தங்களில் பல நல்ல திருத்தங்கள். இரண்டு கவிதைகள் இப்போதுதான் கவிதையாகியிருக்கின்றன. அன்று என்னை உறுத்தியது வரிகள் அல்ல என்று படுகிறது. ஒவ்வொரு கவிதையின் கீழும் பழைய தேதியை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார். இருபத்தைந்து வயதிலேயே அப்படி எழுதிவிட்டவர் போல.

இரண்டாம் பதிப்பு வருகிறது என்று கேள்விப்பட்டு, தேதிகளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு கார்டு போட்டிருக்கிறேன். வரிகளைப் பற்றி நான் எழுதியது தவறு என்றும் அதில் சேர்த்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.