857 தளங்களை முடக்கிய பிறகும்

2015 ஜூலை 31 அன்று 857 ஆபாசத் தளங்களை முடக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், குழந்தைகளைக் காட்டும் ஆபாசம் இல்லாத தளங்களை விட்டுவிடலாம் என்று சில நாள்களிலேயே அரசு இறங்கிவந்தது. பிறகு டேராடூன் அருகே பள்ளி மாணவி ஒருவருக்கு நேர்ந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமையையொட்டி உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தலையிட்டது; 2018இல் மறுபடியும் 827 தளங்கள் முடக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான போர்ன்ஹப் உடனே வேறு முகவரியில் கடை திறந்தது.

முடக்கத்தால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கைப்பேசியில் எதையோ தேடப்போய்த் தடுக்கி விழும் பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஓரளவு காப்பு. தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் செயலியைப் பயன்படுத்தத் தெரிந்தவரை அது ஒன்றும் செய்யாது.

தடையை எதிர்ப்பவர்கள் டென்மார்க்கைக் காட்டுவார்கள். 1969இல் அங்கே ஆபாசப் படங்களுக்கு இருந்த தடை நீங்கியது. பாலியல் குற்றங்கள் பெருகும் என்ற அச்சம் பலிக்கவில்லை. வயது வந்த ஒருவர் தன் வீட்டுக்குள் பார்ப்பதை எப்படித் தடுப்பது என்று 2015இல் நம் உச்ச நீதிமன்றமும் கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் பார்ப்பவர் கெட்டுப்போவாரா, அவருக்கு உரிமை உண்டா என்றே இரு தரப்பும் மல்லுக்கட்டுகின்றன. படத்தில் இருப்பவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சமூகப் பிரச்சினை தொடங்குவதே அங்கேதான்.

அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்ததைப் பார்க்கலாம். மாடலிங் வேலை என்ற விளம்பரத்தை நம்பி இளம்பெண்கள் தொடர்புகொண்டார்கள். அதன் பிறகுதான் ஆபாசப் படத்தில் நடிப்பதே வேலை என்று தெரிந்தது. வீடியோ இணையத்தில் வராது, வெளிநாட்டில் டிவிடியாக மட்டுமே விற்கப்படும் என்று படம் எடுத்தவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். தயங்கியவர்களிடம், முன்பே நடித்ததாகச் சொல்லிக்கொண்ட பெண்கள் தொலைபேசியில் தைரியம் சொன்னார்கள். அப்படிப் பேசுவதற்கு அவர்களுக்குக் கூலி. வீடியோ இணையத்துக்கே போனது. உறவினர், உடன் படித்தவர் என எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. 2020 ஜனவரியில் 22 பெண்களுக்குச் சுமார் 1.28 கோடி டாலர் வழங்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காட்சி ஆபாசமா என்பதல்ல, பெண்கள் ஏமாற்றப்பட்டார்களா என்பதே அங்கே வழக்கு.

அதே ஆண்டு டிசம்பரில், சிறார் வன்கொடுமைக் காட்சிகளைப் பற்றிய நியூயார்க் டைம்ஸ் கட்டுரை ஒன்று போர்ன்ஹப்பை உலுக்கியது. விசாவும் மாஸ்டர்கார்டும் கைவிட்டதும், பதிவேற்றியவர் யாரென்று உறுதியாகாத சுமார் ஒரு கோடி வீடியோக்களை அந்தத் தளம் அகற்றியது. அரசுகளால் ஆகாததைப் பணப்பட்டுவாடா நிறுவனங்கள் சில நாள்களில் சாதித்தன. விருப்பத்தோடு நடித்துப் பிழைப்பவர்களின் வருமானத்திலும் அது கைவைத்தது என்பதை மறைக்கக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் இந்தியச் சட்டம் தெளிவு. குழந்தைகளைக் காட்டும் ஆபாசக் காட்சிகளைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமே என்று, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரியவர்கள் விஷயத்தில்தான் தடுமாற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு காட்சி எவ்வளவு வெளிப்படையானது என்று பார்க்கிறது. வெளியிட ஒப்புதல் இருந்ததா என்று கேட்பதில்லை. பாதிக்கப்பட்டவர் புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்று 2021இல் வந்த விதி இந்தக் குறையை ஓரளவு சரிசெய்தது.

அந்த விதி இருந்தும், 2025இல் ஒரு பெண் வழக்கறிஞர் தன் அந்தரங்கக் காட்சிகளை நீக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. 48 மணி நேரத்தில் அகற்ற நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் ஓரிடத்தில் நீக்கினால் வேறிடத்தில் முளைக்கிறது. ஒரு படத்தின் எண்முறைக் கைரேகையைப் பதிந்துவைத்து, அது மீண்டும் ஏறும்போதே தடுக்கும் தொழில்நுட்பம் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதை எல்லாத் தளங்களுக்கும் கட்டாயமாக்காதவரை, தன் படத்தைத் தேடித் தேடிப் புகார் எழுதும் வேலை பாதிக்கப்பட்ட பெண்ணின் தலையில்தான் விழும்.