‘அறியப்படாத கலைஞர்’: வீட்டு வலைப்பின்னலில் ஒரு மலைப்பாட்டு

கணினியில் கிடக்கும் பாட்டை வீட்டு வலைப்பின்னல் வழியாக இன்னொரு அறையிலுள்ள ஸ்டீரியோவுக்கு அனுப்பிக் கேட்பது இன்றைக்கு அதிசயமில்லை. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒலியின் துல்லியத்தைத் தாண்டி வருவதில்லை. எந்தப் பெட்டி நல்லது, எந்தக் கோப்பில் இழப்பு குறைவு என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒலியோடு கூடவே பெயரும் பயணம் செய்கிறது. பாட்டைக் காட்டிலும் பெயர்தான் அங்கே அதிகாரம் பண்ணுகிறது என்பது என் கட்சி.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஆசிரியராக இருக்கும் நண்பர் வீட்டில் இந்த ஏற்பாட்டைப் பார்த்தேன். கணினி கோப்பைப் படித்துச் சிறு பொட்டலங்களாக்கி ரவுட்டருக்குக் கொடுக்கிறது. ஸ்டீரியோவோடு இணைந்த சின்னப் பெட்டி அவற்றை வாங்கி, சில விநாடிக்கானதைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எண்களை மின்னலையாக்கி ஆம்ப்ளிஃபயருக்குத் தருகிறது. குறுந்தகட்டுத் தரமென்றால் விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடங்கள். மொத்தம் விநாடிக்கு 14 லட்சம் பிட்டுக்குமேல். இதற்கு வெளி இணையம் தேவையில்லை. மலையில் செல்போன் சிக்னல் செத்துப்போன ராத்திரியிலும் பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒலி ஸ்டீரியோவுக்குப் போக, பெயர் கையிலிருக்கும் திரைக்கு வருகிறது. பாடியவர், தொகுப்பு, ஆண்டு, வகை என்று கட்டங்கள். தேடுவதும் வரிசைப்படுத்துவதும் கட்டங்களை வைத்துத்தான். கேசட்டில் உறை கிழிந்தாலும் கேசட் கையில் இருந்தது. இங்கே பெயரில்லாத கோப்பு, தேடினால் கிடைக்காது. கிடைக்காதது இல்லாததற்குச் சமம்.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் சிலர் கூடிப் பாடியதை நண்பர் அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்து வைத்திருந்தார். அதை ஓடவிட்டார். அறை நிரம்பியது. திரையில் ஆங்கிலத்தில் வந்த வாசகத்தைத் தமிழில் சொன்னால் ‘அறியப்படாத கலைஞர், அறியப்படாத தொகுப்பு’. நான் நின்றது இந்த வாசகத்தில்தான். அறியாமை யாருடையது? மென்பொருளுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தெரியாமை, பாடியவளின் குணமாக அவள் தலையில் எழுதப்படுகிறது. அவளை அவள் ஊருக்கே தெரியுமய்யா.

கட்டங்களுக்கும் வரலாறு உண்டு. எம்பி3 கோப்பில் பெயரெழுதும் ஐடி3 முறை 1996இல் வந்தது. கோப்பின் கடைசியில் 128 பைட். அதில் தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30. வகைக்கு ஒரே ஒரு பைட். எண் போட்டால் போதும். லத்தீன் எழுத்தை மனதில் வைத்து அளந்த இடம் அது. 1991லேயே யூனிகோடில் தமிழ் ஏறிவிட்டிருந்தும் அங்கே நமக்கு இடமில்லை. முதல் பட்டியலில் 80 வகைகள். ‘ட்ரைபல்’ என்று ஒன்று இருக்கிறது, எண் 72. அதற்கு முன்னால் ‘லோ-ஃபை’, பின்னால் ‘ஆசிட் பங்க்’. அது எந்தப் பழங்குடியைக் குறிக்கிறது என்பதை அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்தே ஊகிக்கலாம். வெறும் ‘ஃபோக்’ முதல் பட்டியலில் கிடையாது. வின்ஆம்ப்காரர்கள் பிறகு சேர்த்தபோது 80ஆம் எண் கிடைத்தது. பின்னால் வந்த வடிவங்களில் எழுத்துச் சிக்கலும் இடச் சிக்கலும் தீர்ந்தன. கட்டம் என்கிற சிந்தனை மட்டும் தீரவில்லை.

ஆசிரியரின் பெயர் ஓர் ஆளைச் சுட்டும் பெயர் மட்டுமல்ல, பிரதிகளைத் தொகுத்துப் பிரித்து வேலியடைக்கும் ஒரு செயல்பாடு என்று ஃபூக்கோ 1969இல் பேசினார். ஆசிரியனின் மரணத்தை நம் சிறுபத்திரிகைகள் விவாதித்துக் கொண்டிருந்த 90களிலேயே, அவனுக்கு 30 பைட் ஒதுக்கிக் கோப்பின் வாலில் குடிவைத்துவிட்டார்கள் என்பது வேடிக்கை.

நம்மிடம் வேறு மரபு இருந்தது. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்கும் பெயர் தெரியாத கவிகள் வாய்த்தார்கள். ‘அறியப்படாதவர்’ என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை. பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். இந்த மலையின் அடிவாரச் செங்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் மலைபடுகடாமும் மலையில் எழும் ஒலிகளை அடுக்குகிறது. புலி பாய்ந்த கணவனின் புண் ஆறப் பாடும் கொடிச்சி, தினை குற்றும் பெண்களின் வள்ளைப் பாட்டு. தனிப்பெயர் ஒன்றுமில்லை. ஆனால் யார் பாடுகிறாள், எதற்குப் பாடுகிறாள் என்பது தெரிகிறது. பெயரின்மை வேறு, அடையாளமின்மை வேறு.

‘ஒரு கட்டம்தானே, திருத்திட்டாப் போச்சு’ என்று கேட்கலாம். சொந்தக் கணினியில் திருத்தலாம், உண்மைதான். வீட்டு வலைப்பின்னலின் அரசியல் மதிப்பே அதுதான். ஸ்குவீஸ்பாக்ஸ் பெட்டிகளுக்கென லாஜிடெக் நடத்திவந்த இணையச் சேவை 2024இல் மூடப்பட்டது. வீட்டுக் கணினியில் ஓடும் அதன் திறந்த மென்பொருள், லிரியன் என்ற பெயரில் பயனர்களின் உழைப்பால் இன்றும் ஓடுகிறது. வாடகைக்குக் கேட்கும் பாட்டில் கட்டம் அவர்களுடையது. நம் வீட்டில் நம்முடையது.

ஆனால் என்ன எழுதுவது? பெயரிடுவதும் சும்மா இல்லை. கணக்கெடுப்பும் சாதிச் சான்றிதழும் பெயரிட்டுத்தான் ஆள்கின்றன. ‘மலையாளி’ என்று எழுதினால், தமிழ் பேசும் இந்த மக்களைச் சமவெளிக்காரன் கேரளத்துக்கு அனுப்பிவிடுவான். நண்பர் பாடியவர்களிடமே கேட்டார். எங்கள் பேர் வேண்டாம், ஊர்ப் பேரைப் போடுங்கள் என்றார்களாம். கலைஞர் என்கிற கட்டத்தில் இப்போது ஓர் ஊர் இருக்கிறது. அகர வரிசையில் அது இரண்டு பின்னணிப் பாடகர்களுக்கு நடுவே வந்து உட்கார்கிறது.

இதனால் மலை விடுதலையாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கட்டத்தை நிரப்புகிறவன் முதலில் பாடியவளிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதை ஒரு விதியாக்கலாம். கேட்காமல் சேர்க்கும் பாட்டு எவ்வளவு துல்லியமாக ஒலித்தாலும் அது களவுதான். ஸ்டீரியோவின் தரத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.