சஞ்சிக் கூலியும் ஆளோலையும்

பாகான் என்பது மலாய் மொழியில் படகுத்துறையைக் குறிக்கும் சொல். டாலாம் என்பது உட்புறம் எனப் பொருள்படும். பினாங்குத் தீவின் எதிர்க்கரையில், பட்டர்வொர்த் நகரை ஒட்டி அமைந்துள்ள பாகான் டாலாம், துறையின் நினைவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. இக்கரைத் தமிழர் நாவில் மற்றொரு மலாய்ச் சொல்லும் படிந்தது. அதுவே சஞ்சி. 'ஜஞ்சி' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபாகிய அதன் பொருள் வாக்குறுதி என்பதாகும். தமிழில் பையைக் குறிக்கும் சஞ்சி வேறு, இது வேறு. ஒப்பந்தச் சீட்டில் கைந்நாட்டு வைத்துக் கடல் கடந்த தமிழரே சஞ்சிக் கூலிகள் எனப்பட்டனர். வாக்குறுதியைக் குறிக்கும் சொல் அடிமைப்பாட்டின் பெயராக மாறியது எவ்வாறு? அம்மாற்றத்தைத் தமிழிலக்கியம் கண்டுகொண்டதா? இவ்விரு வினாக்களும் ஒருங்கே ஆராயத் தக்கன.

பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பில் அடிமை முறையை ஒழித்த சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. அடிமைகள் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டங்களோ ஆள் வேண்டி நின்றன. கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் 1800இல் பெற்ற இவ்வெதிர்க்கரைப் பகுதி, அக்காலத்தில் வெல்லெஸ்லி மாகாணம் எனவும் இக்காலத்தில் செபராங் பிறை எனவும் வழங்கப்படுகிறது. இங்கும் 19ஆம் நூற்றாண்டில் கரும்பு பெருகிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி இத்தோட்டங்களை அடைந்தனர்.

கப்பற் செலவும் முன்பணமும் ஆள் வந்து இறங்குமுன்பே அவர் பெயரில் கடனாக எழுதப்பட்டன. அக்கடன் கூலியில் பிடிக்கப்பட்டது. குறித்த ஆண்டுகள் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்கினால் அது குற்றம், தண்டனை சிறை. சஞ்சியின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. இருவர் செய்துகொண்ட ஒப்பந்தம் முறிந்தால் வழக்காடு மன்றத்தில் இழப்பீடு கேட்பதே பொது வழக்கு. சஞ்சியில் கூலியாள் சொல் தவறினால் குற்றவாளியானார். துரை சொல் தவறினாலோ, எழுத்தறியாத ஏழை முறையிட்டுத்தான் பரிகாரம் தேட வேண்டியிருந்தது. ஒரு தரப்பை மட்டும் சிறையைக் காட்டிப் பிணிக்கும் வாக்குறுதி வாக்குறுதியன்று, அது விலங்கு.

அவர்கள் தாமே விரும்பி வந்தவர்கள் அல்லரோ என்பார் உளர். இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. வந்தவரெல்லாம் கடத்தி வரப்பட்டவர் அல்லர்; ஊரின் சாதிக் கொடுமையினின்று தப்பக் கருதியே கப்பலேறியவரும் இருந்தனர். எனினும் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிய நாளில், பட்டினி கிடந்தவனின் 'சரி' எத்துணை விருப்பம் உடையது? இம்முறை புதியதோர் அடிமை முறையாகிவிடுமோ என்னும் அச்சத்தை ஆங்கில அமைச்சர் ஜான் ரசல் பிரபுவே 1840இல் வெளியிட்டார். ஹியூ டிங்கர் 1974இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலுக்கு அத்தொடரையே தலைப்பாக்கினார்.

எழுத்தால் மனிதனைப் பிணிப்பது தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் ஆசிரியர்கள் நன்கறிந்த பகுதி. முதிய வேதியராக வந்த இறைவன், பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலையைக் கூறிப் பேரனாகிய நம்பியாரூரரை அடிமை என்கிறார். நம்பி ஓலையைக் கிழித்தெறிகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. மூல ஓலை காட்டப்படுகிறது. பாட்டனின் கையெழுத்து ஒப்பு நோக்கப்படுகிறது. பக்திச் சுவையில் தோயும் உள்ளம் இவ்வழக்கு முறையைக் கவனியாது கடந்துவிடுதல் உண்டு. முன்னோர் எழுத்து வழித்தோன்றலையும் கட்டும் என்னும் கொடிய விதி அங்கே உண்டு. ஆயினும் ஓலையை மறுக்கவும் சான்று கேட்கவும் ஓர் அவையும் உண்டு. சஞ்சிக் கூலிக்கோ, தான் கைந்நாட்டு வைத்த சீட்டில் இருப்பது இன்னதென்று படித்தறியவும் வழி இல்லை.

இனி, இக்கால இலக்கியத்தை நோக்கலாம். பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வருந்திய பெண்களை எண்ணிப் பாடினார். அது தொலைவிலிருந்து கேட்ட அழுகுரலுக்கு எழுந்த இரக்கம். அவ்வளவில் அது நிறைவுடையது. புதுமைப்பித்தன் 1935இல் மணிக்கொடியில் எழுதிய 'துன்பக்கேணி' மேலும் ஒரு படி செல்கிறது. மருதியின் துயரத்தைத் தேயிலைத் தோட்டத்தில் தொடங்காமல் அவள் பிறந்த நாட்டிலேயே தொடங்கினார். துரத்தும் ஊரும் விழுங்கும் தோட்டமும் ஒரே கேணியின் இரு படிகள் என்பது அக்கதை உணர்த்தும் உண்மை.

கணக்கேட்டைத் திறந்து காட்டிய பெருமை, மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969இல் வெளியிட்ட புதினத்திற்கு உரியது. இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். முன்பணம் பெற்று மலையேறிய கருப்பனும் வள்ளியும் உழைத்து முடித்துக் கணக்குப் பார்க்கையில், கையில் மிஞ்சுவது பணமன்று, கடன். அடியும் வசையும் மலிந்த அந்நூலில் நெஞ்சை மிகுதியும் உறைய வைப்பது அவ்வமைதியான கணக்குக் காட்சியே. பிரம்பு ஒரு நாள் ஓயும், கணக்கு ஓயாது.

மலேசியத் தமிழ்ப் புதினங்களில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய இரண்டும், ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு அமைத்த இருப்புப்பாதையின் கொடுமையைப் பேசுவன. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். துப்பாக்கி முனையில் நடந்த கட்டாயம் ஆதலின், அதனைக் கொடுமை என உணர்வதில் எவர்க்கும் ஐயம் எழாது. ஆனால் அங்கும் தொடக்கத்தில் நல்ல கூலியும் குறுகிய தவணையும் வாக்களிக்கப்பட்டன என்பதை மறத்தல் ஆகாது. துப்பாக்கிக்கு முன் சென்றது சஞ்சியே. துப்பாக்கியை மட்டும் நினைவில் வைக்கும் வாசகர், துப்பாக்கி இல்லாத இடத்தில் அடிமைத்தனமும் இல்லை என்று எண்ணிவிடக் கூடும்.

சட்டங்கள் மாறாமல் இல்லை. தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்றுக் கப்பற் செலவை ஏற்கும் நிதி 1907இல் அமைந்தது. 1910இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. அதன்பின் ஓங்கிய கங்காணி முறையில் சிறைக்கு மாற்றாக உறவும் ஊரும் கயிறாயின. 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தது.

கயிறு அற்றுவிடவில்லை; கை மாறியது. இன்று பினாங்கின் தொழிற்சாலைகளில் வங்காளதேசத்தார், நேபாளத்தார், மியன்மார் நாட்டார் எனப் பலர் உழைக்கின்றனர். வந்தவர் அனைவரும் அடிமைகள் அல்லர். ஆயினும் முகவருக்குக் கொடுக்கக் கடன் வாங்கி வந்து, கடப்பிதழையும் பிறர் கையில் இழந்தவர் நிலை பழைய சஞ்சிக் கூலியின் நிலையே. பிறர் கடப்பிதழைப் பிடித்து வைத்தல் மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆட்கடத்தலுக்கு எதிரான சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவை 2000இல் ஏற்ற உடன்படிக்கை, ஏமாற்றியோ அச்சுறுத்தியோ எளியவர் நிலையைப் பயன்படுத்தியோ பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்கிறது. 'விரும்பித்தானே வந்தார்' என்னும் பழைய வாதத்திற்கு இதுவே விடை. 2021ஆம் ஆண்டில் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தனர் என்பது அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீடு.

சஞ்சிக் கூலியின் கொள்ளுப்பேரன் இன்று அதே கரையில் மேற்பார்வையாளராக இருத்தல் கூடும். அவர் மேசை அறையில் பூட்டிக் கிடக்கும் அயலார் கடப்பிதழைத் தம் பாட்டன் கைந்நாட்டு வைத்த சீட்டாகக் காண்பாரா என்பதே இவ்விலக்கியத்தின் பயனை அளக்கும் கோல். 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்னும் தொடருக்கு வகுப்பறையில் பொருள் கூறுகையில், உடன்பட்டு வந்தவர் என்பதோடு நிறுத்துதல் பாதிப் பொருளே ஆகும். கடனால் கட்டுண்டு, நீங்கினால் தண்டனைக்கு உள்ளானவர் என்னும் மற்றப் பாதியையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.