72 விநாடித் தத்துவம்

'பி.ஏ. ஃபிலாசஃபி சேர்ந்திருக்கேன்' என்று ஒரு பையன் வீட்டில் சொன்னால் வரும் முதல் கேள்வி, 'ஏன், வேற எதுவும் கிடைக்கலையா?' இரண்டாவது, 'சாமியாராப் போகப்போறியா?' மூன்றாவதுதான் நியாயமான கேள்வி: 'படிச்சு முடிச்சா என்ன வேலை?' நேர்மையான பதில், தத்துவ வாத்தியார் வேலை. அந்த வேலைக்கு நாம் ஆள் எடுக்கும் விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

முதலில், நல்ல ஆரம்ப வகுப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால் யூட்யூபில் மைக்கேல் சாண்டல் இருக்கிறார். ஹார்வர்டில் 'ஜஸ்டிஸ்' என்ற பெயரில் அவர் நடத்திய வகுப்புகள் 2009-ல் அமெரிக்க டி.வி.யில் 12 பகுதிகளாக வந்தன. பெரிய தியேட்டர், பால்கனி வரை மாணவர்கள். எடுத்த எடுப்பிலேயே ஒரு டிராமை ஓட்டச் சொல்கிறார். பிரேக் பிடிக்கவில்லை. எதிரே தண்டவாளத்தில் ஐந்து தொழிலாளிகள். பக்கத்துத் தடத்தில் ஒரே ஒருவர். திருப்புவீர்களா? பெரும்பாலான கைகள் உயர்கின்றன. சரி, இப்போது நீங்கள் பாலத்தின் மேல் நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒரு குண்டு ஆசாமி. அவரைக் கீழே தள்ளினால் டிராம் நின்றுவிடும், ஐந்து பேர் பிழைப்பார்கள். தள்ளுவீர்களா? கைகள் காணாமல் போகின்றன. ஒரு உயிரா, ஐந்து உயிரா என்ற அதே கணக்குத்தானே, ஏன் இப்போது கை நடுங்குகிறது?

டிராம் கதை சாண்டலுடையது அல்ல. ஃபிலிப்பா ஃபுட் என்ற பெண்மணி 1967-ல் ஒரு கட்டுரையில் ஓட்டிவிட்டது. சாண்டலிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு: கொஞ்சம் ஷோமேன். ஒரு பெண் எழுந்து நல்ல பாயின்ட் சொல்ல ஆரம்பிக்கும்போதே அடுத்தவருக்கு மைக் போய்விடுகிறது. ஆனாலும் வகுப்பு முடிந்து வெளியே வருபவன் மண்டையில் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருக்கும். ஆரம்பப் பாடத்துக்கு அது போதும்.

எம்.ஏ.வுக்கு அது போதாது. அங்கே ஒரே கேள்வியோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். இதற்கு உதாரணம் தேடி ஹார்வர்ட் போகவேண்டாம், பாரிமுனை போதும். நம் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது 1937-ல். அதற்கு முன் இருந்த இடத்தில் ராதாகிருஷ்ணன் என்ற மாணவர் படித்தார். தத்துவத்தை அவர் ஆசைப்பட்டு எடுத்ததாகத் தெரியவில்லை. உறவுக்காரப் பையன் ஒருவன் படித்து முடித்த பழைய புத்தகங்கள் ஓசியில் கிடைத்தன, அவ்வளவுதான். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை என்று மிஷனரிகள் விமர்சித்து வந்தார்கள். பையனுக்குச் சுருக்கென்றது. 1908-ல், 20 வயதில், எம்.ஏ. பட்டத்துக்கு அந்த விமர்சனத்தை மறுத்தே தீசிஸ் எழுதிவிட்டார். பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் கிறிஸ்தவர், கோபித்துக்கொள்வாரோ என்று பயம். ஹாக் பாராட்டி சர்ட்டிஃபிகேட் கொடுத்தார். அடுத்த வருஷமே பிரசிடென்ஸி கல்லூரியில் வாத்தியார் வேலை.

இன்று அப்படி ஒரு பையன் வந்தால்? யுஜிசி நெட் என்ற வாசலில் வரிசையில் நிற்கவேண்டும். 3 மணி நேரம், 150 கேள்விகள். முதல் 50 எல்லோருக்கும் பொது, மீதி 100 தத்துவம். எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு. வகுத்துப் பார்த்தேன் (பி.காம். படித்ததற்கு இதாவது செய்யவேண்டாமா?). கேள்விக்கு 72 விநாடி. 2012 ஜூனுக்கு முன் மூன்றாவது தாளிலாவது பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. இப்போது மௌஸ் க்ளிக் போதும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். தமிழில் தத்துவம் யோசித்த பிள்ளைக்குக் கூடுதல் மூச்சுத்திணறல்.

ஒரு மாதிரி சொல்கிறேன். நம்முடைய தரிசனங்களில் அறிவுக்கு வழிகள், அதாவது பிரமாணங்கள், எத்தனை என்று பெரிய சண்டை. சார்வாகருக்கு ஒன்று, பௌத்தருக்கு இரண்டு, சாங்கியருக்கு மூன்று, நியாயக்காரருக்கு நான்கு, மீமாம்சையில் பிரபாகரருக்கு ஐந்து, பாட்டருக்கும் அத்வைதிகளுக்கும் ஆறு. 'பொருத்துக' கேட்பதற்கென்றே செய்துவைத்த மாதிரி இல்லை? ஒரு ராத்திரியில் மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கலாம்.

ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் சண்டையை மணிமேகலையில் பாருங்கள். வஞ்சி நகரில் மாறுவேஷத்தில் ஒவ்வொரு சமயவாதியாகக் கேட்டுக்கொண்டு வருகிறாள். கடைசியில் பூதவாதி. கண்ணால் கண்டதுதான் மெய், அனுமானமெல்லாம் சும்மா என்கிற கட்சி. அவனிடம் அவள் கேட்பது: உன் அப்பா அம்மா இன்னார் என்று உனக்கு எப்படித் தெரியும், அனுமானத்தால்தானே?  இந்தக் கேள்வியை எந்த 'அ, ஆ, இ, ஈ'யில் அடைப்பீர்கள்?

நம் பழைய ஆட்கள் எதிராளியின் கட்சியை முதலில், அதுவும் பலமாக, எழுதிவிட்டுத்தான் தங்கள் பதிலுக்கே வருவார்கள். பூர்வபட்சம் என்று அதற்குப் பெயர். நெட்டிலும் மறுப்புச் சொல்லலாம். விடைப்பட்டியல் வெளியானதும் ஆட்சேபம் உள்ள கேள்வி ஒவ்வொன்றுக்கும் 200 ரூபாய் கட்டவேண்டும். தத்துவத்தில் மறுத்துப் பேசுவதற்குக் கட்டணம் வைத்த முதல் தேசம் நாமாகத்தான் இருக்கும்.

பழைய முறை மட்டும் என்ன வாழ்ந்தது என்பீர்கள். வாஸ்தவம். 'சங்கரரின் மாயை பற்றிச் சிறுகுறிப்பு வரைக' என்றால் சீனியர் நோட்ஸை அப்படியே வாந்தியெடுத்தவர்கள் உண்டு. திருத்துபவருக்குக் கையெழுத்து பிடிக்கவேண்டும், ஆங்கிலம் பிடிக்கவேண்டும். சிபாரிசு இல்லாத சின்ன ஊர்ப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் செய்யும் நியாயத்தை மனிதர்கள் செய்வார்களா என்பது சந்தேகமே. அதனால் நெட்டைத் தூக்கிக் கடலில் போடு என்று சொல்லமாட்டேன். படிக்காதவனை வடிகட்ட அது உதவும். யோசிக்கிறவனைக் கண்டுபிடிக்கத்தான் அதனால் முடியாது. அப்படித் தேர்வாகும் வாத்தியாரிடம்தான் நாளைக்கு முதல் வருஷப் பையன் வந்து உட்காரப்போகிறான். டிராம் கதையைக் கேட்டுவிட்டு 'சார், இதுல கரெக்ட் ஆன்சர் எது?' என்பான். அவரும் சொல்லிவிடுவார். அதுதான் பயமாக இருக்கிறது.

2024-ல் யுஜிசி இன்னொரு வேலை செய்தது. பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் மார்க்கே செல்லும் என்றது. நெட்டுக்கு 70, நேர்முகத்துக்கு 30. அந்த 30-ஐ வைத்துக்கொண்டு 'உங்க டாபிக் என்ன, கைடு யாரு' என்று விசாரித்து அனுப்பாமல், பையனை அரைமணி நேரம் உட்காரவைத்து, ஒரு டம்ளர் காபி கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: நீதான் அந்தப் பூதவாதி. மணிமேகலைக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய்?