'வரை' என்ற சொல்லில் மாட்டிய நாணயம்

போன மே மாசம் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகிறவள். ஐந்து ரூபாய்க் காசைச் சுண்டிப் பிடித்துக்கொண்டே, "மாமா, இது மேல போயிட்டிருக்கறப்போ இது மேல என்னென்ன விசை இருக்கு?" என்றாள்.

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன். "மேல் நோக்கி நீ குடுத்த விசை. கீழ் நோக்கிப் புவியீர்ப்பு. மேல போறப்போ உன்னோடது ஜாஸ்தி. உச்சியில ரெண்டும் சமம். அப்புறம் புவியீர்ப்பு ஜெயிச்சுரும்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா டியூஷன்ல அது தப்புங்கறாங்க. கீழ் நோக்கி ஒண்ணு மட்டும்தானாம்."

டியூஷன்காரர்தான் சரி. காசு விரலை விட்ட கணத்தோடு விரலின் வேலை முடிந்தது. காற்றின் சின்னத் தடையை ஒதுக்கிவிட்டால், ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் அதன்மேல் இருப்பது புவியீர்ப்பு ஒன்றுதான். இது எனக்குத் தெரியாததா? பொறியியல் முதலாண்டில் விசைகளை அம்புக்குறிகளாகப் போட்டுப் பக்கம் பக்கமாகக் கணக்குச் செய்து நல்ல மார்க் வாங்கியவன் நான். தெரியும். ஆனால் நம்பியிருக்கவில்லை. யோசிக்காமல் வாய் திறந்தபோது வந்தது நான் நம்பிக்கொண்டிருந்த பதில்.

இந்த அவமானத்தில் எனக்குத் துணைக்கு ஆள் உண்டு என்று பிறகு தெரிந்தது. ஜான் கிளெமென்ட் 1982இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கப் பொறியியல் மாணவர்களிடம் இதே காசுக் கேள்வி கேட்கப்பட்டது. பாடம் முடித்த பிறகும் பெரும்பாலோர் காசின்மேல் ஓர் அம்புக்குறியை மேல் நோக்கிப் போட்டார்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் இந்த மாதிரிக் கேள்விகளை வகுப்பில் கொடுத்தபோது ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக யோசிக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். மசூரின் கற்பித்தல் முறையே மாறியதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

இதற்கு நம்மிடம் ரெடிமேட் விளக்கம் ஒன்று இருக்கிறது: மனப்பாடக் கல்வி. அது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம். நாம் மனப்பாடம் செய்த வாக்கியம் எப்படிப்பட்டது என்று யாரும் பார்ப்பதில்லை. கவிதையில் ஒரு சொல் இடம் மாறினால் சண்டைக்குப் போகிறோம். கோடிக்கணக்கான பிள்ளைகள் ஒப்பிக்கும் ஒரு வாக்கியத்தை மட்டும் வாக்கியமாக வாசிப்பதே இல்லை. இங்கே செய்ய நினைப்பது அதைத்தான்.

முதல் விதியை நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் கற்றோம். புறவிசை செயல்படாத வரை, ஓய்வில் இருப்பது ஓய்வில் இருக்கும், நேர்கோட்டில் சீராகப் போவது அப்படியே போகும். வாக்கியத்தின் அச்சாணி 'வரை'. என் தொழில் மொழியில் சொன்னால் அது ஒரு லூப்: நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை ஓடும், உடைந்ததும் வெளியே வந்துவிடும். அப்படி வாசித்தால் விசை வந்த கணத்தில் முதல் விதி லீவில் போய்விடுகிறது. ஆனால் விசையே இல்லாத பொருளை யார் பார்த்திருக்கிறார்கள்? புவியீர்ப்பு இல்லாத மூலை எது? ஆக, இந்த விதி எங்கேயும் இல்லாத ஒரு பொருளைப் பற்றியது. மருமகளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ புக்குல இருக்கற பந்து வேற, நம்ம பந்து வேறயா?" என்றாள். நான் பதினைந்து வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

1687இல் இலத்தீனில் வெளிவந்த 'பிரின்சிபியா'வில் நியூட்டன் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். 'வரை'யின் இடத்தில் அங்கே இருப்பது 'நிசி க்வாட்டெனுஸ்' என்ற தொடர். 'எந்த அளவுக்கு மாற்றுகிறதோ அந்த அளவைத் தவிர' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். 1729இல் ஆண்ட்ரூ மோட் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது அந்த 'அளவு' நழுவி, வெறும் 'இல்லாவிட்டால்' ஆகிவிட்டது. மெய்யியலாளர் டேனியல் ஹுக் 2023இல் வெளியான கட்டுரையில் இதை எடுத்துவைத்து, முதல் விதி விசையற்ற பொருளைப் பற்றியதே அல்ல, எல்லாப் பொருளையும் பற்றியது என்று வாதிடுகிறார்.

எனக்கு இலத்தீன் தெரியாது. தொடரை மட்டும் வைத்து வாதாடினால் நான் நம்பியிருக்க மாட்டேன். நம்பவைத்தது அந்த விதிக்கு அடியிலேயே நியூட்டன் தரும் உதாரணங்கள். மூன்று: காற்றுத் தடையாலும் புவியீர்ப்பாலும் மாறியபடி பறக்கும் எறிபொருள், சுழலும் பம்பரம், கோள்களும் வால்மீன்களும். மூன்றில் ஒன்றுகூட விசையிலிருந்து தப்பித்த பொருள் இல்லை. பம்பரத்தின் ஒவ்வொரு துணுக்கையும் பக்கத்துத் துணுக்கு இழுத்துப் பிடித்திருக்கிறது. கோளைச் சூரியன் இழுக்கிறது. விசையற்ற பொருளுக்காக விதி எழுதிய ஆள், விசைக்குள் மாட்டிய மூன்றையா உதாரணம் காட்டுவார்? அவர் மனசில் இருந்தது நம்ம பந்துதான்.

'அளவுக்கு' என்று வாசித்ததும் காசு தெளிவாகிறது. விநாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் ஒன்றை நேர் மேலே எறிகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தன் வேகத்தை வைத்துக்கொள்ளும், புவியீர்ப்பு பிடுங்குகிற அளவைத் தவிர. பிடுங்குவது விநாடிக்கு 9.8. ஒரு விநாடி கழித்து மிச்சம் 9.8. இரண்டாவது விநாடி முடிவில் பூஜ்யம். அதுதான் உச்சி. அங்கே எதுவும் 'சமம்' ஆகவில்லை. பிடுங்கல் ஒரு கணமும் நிற்காததால் அடுத்த விநாடி கீழ் நோக்கி 9.8. காசு மேலே போவதற்கு மேல் நோக்கி விசை தேவையில்லை. கையிருப்பு இருந்தால் போதும். முதல் விதி கையிருப்பைக் காக்கிறது, இரண்டாம் விதி செலவைக் கணக்கெழுதுகிறது. இரண்டும் ஒரே கணத்தில் டியூட்டியில் இருக்கின்றன.

இன்னொன்றும் பள்ளிப் புத்தகத்துக்கு வரும் வழியில் தொலைந்திருக்கிறது. விதிகளுக்கு முன்னால் 'பிரின்சிபியா'வில் எட்டு வரையறைகள் வருகின்றன. நான்காவது, வெளியிலிருந்து செலுத்தப்படும் விசை பற்றியது. அந்த விசை செயலில் மட்டுமே இருக்கிறது, செயல் முடிந்தபின் பொருளுக்குள் தங்குவதில்லை என்கிறார் நியூட்டன். என் தப்பான பதிலுக்கு நேரடி மறுப்பு. மறுக்கவேண்டிய அவசியம் அவருக்கு இருந்தது. எறிபவர் பொருளுக்குள் ஒரு சக்தியை ஏற்றிவிடுகிறார் என்று 6ஆம் நூற்றாண்டில் ஃபிலோபொனஸ் சொன்னார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் புரிடான் அதை வளர்த்தெடுத்தார். அரிஸ்டாட்டிலை எதிர்த்து உருவான, மதிப்புக்குரிய கோட்பாடு அது. நாங்கள் மாமனும் மருமகளும் முட்டாள்கள் இல்லை, புரிடான் கட்சிக்காரர்கள். பாடப்புத்தகம் எங்கள் கட்சியின் பெயரைக்கூடச் சொல்லாமல் எங்களைத் தோற்கடிக்கப் பார்த்தது. அதனால்தான் தோற்கவில்லை.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 'விசையா வந்துச்சு' என்றால் வேகமாக வந்தது என்று அர்த்தம். விசைப்படகு, விசைத்தறி என்றால் எந்திரத்தால் இயங்குவது. வேகம், எந்திரம், தள்ளுதல் மூன்றும் ஒரே சொல்லில் குடியிருக்க, அதையே கலைச்சொல்லாக்கினோம். வேகமாகப் போவதில் விசை 'இருக்கிறது' என்று பிள்ளை நினைத்தால் அது தமிழ் தெரிந்த பிள்ளை. சொல்லை மாற்றவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பேச்சில் ஒரு பொருள், பாடத்தில் வேறு பொருள் என்று ஒரு பத்தி எழுதலாமே என்கிறேன். நியூட்டனும் இதில் சுத்தம் இல்லை. நிலைமத்தையும் அவர் ஒருவகை 'விசை' என்றுதான் அழைத்தார். அந்தக் குழப்பத்தையும் ஒளிக்காமல் சொல்லலாம்.

எதிர்த்தரப்பு எனக்குத் தெரியும். 'வரை'யோ 'அளவு'க்கோ, கணக்குக்கு ஒரே விடைதான் வரும். ராக்கெட் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இறங்கும். தவிர, இல்லாத ஒன்றைக் கற்பனை செய்வதுதான் இயற்பியலின் பெரிய பலம். உராய்வே இல்லாத தளத்தை மனசில் விரிக்காமல் கலிலியோ இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலிலியோ சாய்தளத்தில் குண்டு உருட்டி, இருப்பதிலிருந்து இல்லாததுக்கு நடந்து போனார். நாம் இல்லாததில் பிள்ளையை இறக்கிவிட்டு, திரும்பி வர வழி சொல்வதில்லை. விடை மாறாது என்பதால் வாசிப்பு மாறினால் பரவாயில்லை என்று இலக்கியத்தில் ஒத்துக்கொள்வோமா?

அப்பா பத்து வருஷம் முன்பு வரை நாலு விசைத்தறி ஓட்டினார். அந்தச் சத்தத்தில்தான் நான் பாடங்களை ஒப்பித்தேன். ஓரத்தில் இருக்கும் கட்டை நாடாவை ஒரு அடி அடிக்கும். நாடா பாவுக்குள் பாய்ந்து எதிர்ப்பெட்டியில் போய் நிற்கும். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல். நடுவில் அதைத் தள்ள யாரும் இல்லை. உராய்வு கொஞ்சம் தின்னும், பெட்டி மிச்சத்தைத் தின்னும். நான்காம் வரையறை என் காதுக்குப் பத்தடி தூரத்தில் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தில் இருந்த பந்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மருமகளைப் பக்கத்து வீட்டுத் தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அடிக்கறப்போ மட்டும்தான் அடி இருக்கு" என்றாள். சத்தத்தில் கத்தித்தான் சொன்னாள்.

பரீட்சையில் முதல் விதியை எழுதச் சொன்னால் என்ன எழுதுவது என்று கேட்டாள். புத்தகத்தில் இருக்கிறபடி, 'வரை' போட்டே எழுது என்றேன். மார்க் போய்விடுமே. அதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கூசியது. காசு படத்தைப் போடச் சொன்னால் ஒரே ஒரு அம்பு, கீழ் நோக்கி. அதில் மட்டும் யார் சொன்னாலும் கேட்காதே என்றேன்.