வரிசை ஆடுபவர் கையில்: ‘மெகா மேன் 2’ ஒரு மறுபார்வை

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1988 டிசம்பரில் ஃபாமிகாம் கருவிக்காக ‘ராக்மேன் 2’ ஆட்டத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அது ‘மெகா மேன் 2’ என்ற பெயரில் அமெரிக்கா போனது. 15 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற இதை, ஓடித் தாவிச் சுடும் வீடியோ கேம்களின் உச்சங்களில் ஒன்றாக இன்றும் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும்: டகாஷி டடெய்ஷியின் இசை, முதல் பாகத்தைவிடக் குறைந்த கடினம். இசையைப் பற்றி மறுபேச்சில்லை. இரண்டாவது பதில் பாதி உண்மைதான். இயக்குநர் அகிரா கிடாமுராவின் குழு கடினத்தைக் குறைத்ததைவிட, அதை எங்கே, எவ்வளவு எதிர்கொள்வது என்ற முடிவை ஆடுபவரிடம் ஒப்படைத்ததே பெரிய காரியம். ஆட்டத்தின் நிறைகளும் குறைகளும் அந்த ஒரு முடிவிலிருந்தே கிளைக்கின்றன.

அக்காலத்து இரண்டாம் பாகங்களோடு வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். ஜப்பானில் 1986இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’, முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கென்றே கடுமையாக்கப்பட்டது. அமெரிக்கர்களுக்கு அது ஒத்துவராது என்று கருதி, 1988இல் வேறொரு ஆட்டத்துக்கு மாரியோ வேடமிட்டு அங்கே விற்றார்கள். 1987இன் ‘செல்டா 2’, ‘காசில்வேனியா 2’ இரண்டும் ஆட்டத்தின் வகையையே மாற்றிப் பார்த்தன. மெகா மேன் 2 இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. எந்த எதிரித் தலைவனையும் முதலில் எதிர்கொள்ளலாம், வென்றால் அவன் ஆயுதம் நமக்கு என்ற முதல் பாகத்தின் விதியை அப்படியே வைத்துக்கொண்டது. தலைவர்கள் ஆறிலிருந்து எட்டானார்கள். அவர்களுக்கான யோசனைகளை ரசிகர்களிடமே கேட்டபோது 8,000க்கு மேல் வந்து குவிந்தன. விட்ட இடத்திலிருந்து தொடரக் கடவுச்சொல்லும், உயிர்ச்சக்தியை நிரப்பும் ‘ஈ டேங்க்’கும் வந்தன. மதிப்பெண் எண்ணிக்கை நீக்கப்பட்டது.

வரிசையை ஆடுபவரிடம் விடும் இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதை, எட்டுத் தலைவர்களில் ஒருவனான குவிக் மேனின் கட்டத்தில் அருகிலிருந்து பார்க்கலாம். கீழ்நோக்கி விழுந்துகொண்டே போகும்போது சுவர்களிலிருந்து ஒளிக்கற்றைகள் பாய்கின்றன. பட்டால் அந்த நொடியே சாவு. ஃபிளாஷ் மேனை முன்பே வென்றிருந்தால் காலத்தை உறையவைக்கும் ஆயுதம் கையில் இருக்கும். அதை இயக்கினால் கற்றைகள் நின்றுவிடும். ஆனால் சக்தி முழுதும் தீரும்வரை அதை நிறுத்த முடியாது. குவிக் மேனின் உயிரில் பாதியளவைக் கரைக்கக்கூடியதும் அதே ஆயுதம்தான். வழியில் செலவழித்தால் தலைவன் முன் வெறுங்கை. சேமித்தால் கற்றைகளை விரலின் வேகத்தால் மட்டுமே கடக்க வேண்டும். ஹீட் மேனின் கட்டத்தில், தோன்றித் தோன்றி மறையும் கட்டைகளின் வரிசையை மனப்பாடம் செய்து தாவலாம். அல்லது ஏர் மேனை முதலில் வென்று, அங்கே கிடைக்கும் பறக்கும் பலகையில் அத்தனையையும் தாண்டிப் போகலாம். தடை ஒன்றுதான். ஒருவருக்கு அது கைத்திறனுக்கான சோதனை, இன்னொருவருக்குத் திட்டமிடலுக்கான சோதனை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மெட்டல் மேனிடமிருந்து கிடைக்கும் சக்கரக் கத்தி எட்டுத் திசையிலும் பறக்கிறது, சக்தியை மிகக் குறைவாகவே தின்கிறது, தலைவர்களில் பலரையும் பதம்பார்க்கிறது. இறுதிக் கோட்டையில் மறுபடி வரும் மெட்டல் மேனே அதன் ஓரிரு வீச்சுகளில் சாய்ந்துவிடுகிறான். இப்படியொரு ஆயுதம் இருக்கும்போது தேர்வுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். சமநிலை குலைந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இருவர் மோதும் சண்டை ஆட்டத்தில்தான் சமநிலை உயிர்நாடி. தனியாள் ஆட்டத்தில், திணறும் ஒருவர் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைப்பதால் தேர்ந்தவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அவர் கத்தியைத் தொடாமலே பெரும்பாலான கட்டங்களைக் கடக்கலாம். அமெரிக்கப் பதிப்பின் தொடக்கத்தில் ‘சாதாரணம்’, ‘கடினம்’ என்று கேட்கப்படும் கேள்வி, ஆடிப் பார்க்கும் முன்பே பதிலை எதிர்பார்க்கிறது. சக்கரக் கத்தி அதே கேள்வியை ஆட்டத்துக்குள்ளேயே, தேவைப்படும் இடத்தில் கேட்கிறது.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. வில்லன் டாக்டர் வைலியின் அந்த இறுதிக் கோட்டையில் சுவர்களுக்குள் பதிந்த ஐந்து பீரங்கிகள் ஒரே நேரத்தில் சுடும் அறை ஒன்று உண்டு. அவற்றை அழிக்க கிராஷ் மேனின் வெடிகுண்டால் மட்டுமே முடியும். சில பீரங்கிகளை மறைக்கும் தடுப்புகளை உடைக்கவும் அதே குண்டு. மொத்தம் இருப்பது ஏழு. ஒன்று வீணானாலும் கணக்கு உதைக்கும். இறந்து திரும்பினால், சிற்றெதிரிகளைக் கொன்று மெல்ல மெல்லச் சக்தி சேர்க்க வேண்டும். இங்கே விடை ஒன்றுதான், அதுவும் வடிவமைத்தவருடையது. இதைவிடக் கடினமான இடங்களைச் சலிக்காமல் ஆடுபவர்களும் இந்த அறையைத் திட்டுவதன் காரணம் இதுவே. தேர்வு பறிபோன இடத்தில்தான், மற்ற இடங்களில் அது எவ்வளவு சுமையைத் தாங்கியது என்று தெரிகிறது.

இதெல்லாம் இளமை நினைவுக்குப் பூசும் சாயம் என்று ஒதுக்குவோரும் உண்டு. கேப்காம் 2008இல் ‘மெகா மேன் 9’ஐ வேண்டுமென்றே எட்டு பிட் தோற்றத்தில் கொண்டுவந்து, மூன்றாம் பாகத்தில் சேர்ந்த சறுக்கிச் செல்லும் அசைவையும் நான்காம் பாகத்தில் சேர்ந்த, சக்தியைத் திரட்டிச் சுடுதலையும் கழித்துவிட்டு இரண்டாம் பாகத்தின் எல்லைக்கே திரும்பியது. அதைப் பழமை விற்பனை என்று சொன்னால் வாதாட மாட்டேன். ஆனால் 2014இன் ‘ஷவல் நைட்’ அந்தக் கணக்கில் சேராது. செத்தால் மீண்டும் தொடங்குவதற்கான விளக்குகளை அதில் ஆடுபவர் தானே உடைத்து, உள்ளிருக்கும் செல்வத்தை எடுத்துக்கொள்ளலாம். பிறகு விழுந்தால் அந்த இடம் காப்பாற்றாது. மெகா மேன் 2இல் இப்படியொரு விளக்கு கிடையாது. அதிலிருந்து எடுக்கப்பட்டிருப்பது, தன் ஆபத்தின் அளவைத் தானே குறித்துக்கொள்ளும் உரிமை. பழைய ஆட்டங்களை மறுபடி ஆக்க முனைவோர் நிறத்தையும் ஒலியையும் பிரதியெடுக்கும் முன் இதை எடுத்துக்கொள்ளலாம்; ஃபாமிகாமின் வரம்புகளோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.